தானாகப் போகும் கை

மூதூர்,
02.03.1974

அன்பு மகன் ஸெய்னுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இலண்டன் குளிரில் நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். உயிரோடு என்று நான் சும்மா எழுதவில்லை மகன்.

போன கிழமை நானும் உங்கள் தம்பி ஜமால்தீனும் திருகோணமலை இறங்குதுறையில் நம்முடைய வள்ளத்தில் பெற்றோல் பீப்பாய் ஏற்றினோம். ஒன்று கசிந்து பலகையெல்லாம் நனைந்துவிட்டது, துடைக்கக் குனிந்தவன் நிமிர்ந்து பார்க்கிறேன், இவன் கடைசிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து, வாயில் பீடி, கையில் நெருப்புக் குச்சி. பாய்ந்து தட்டினேன், பெட்டியும் குச்சியும் கடலில் விழுந்தன. நான் நினைக்கவே இல்ல வாப்பா, கை தானாப் போயிட்டு என்று அழுதான். பள்ளிவாசலில் வந்து சத்தியம் பண்ணுகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றேன், அவன் முன்பு பண்ணிய சத்தியங்கள் எத்தனை நாள் நின்றன என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் நோன்பு மாதத்தில் பகல் முழுக்கப் பீடியை நினைக்கவும் மாட்டான். அப்போதுதான் உங்கள் பழைய கடிதம் ஞாபகம் வந்தது. மனதோடு மல்லுக்கட்டி வெல்கிறவர் குறைவு, ஆசை வரும் இடத்தையும் நேரத்தையும் மாற்றுகிறவருக்கே லேசு என்று அங்கே உங்கள் மனோதத்துவ வகுப்பில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். யோசித்தால் அவனுக்கு அந்த நேரம் ஏற்றி முடித்து உட்காரும் நேரம்தான். அவன் பெண்சாதி றம்ஸியா அவன் பீடி வைக்கும் சேட்டுப் பொக்கெட்டைத் தைத்து மூடிவிட்டாள், வாயில் போடக் கராம்பு முடிந்து கொடுக்கிறாள். கடைசிப் பீப்பாய் ஏறியதும் உட்காராமல் கரைக்குப் போய்விட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

நேற்றும் ஏற்றினோம். முடிந்ததும் அவன் கை நெஞ்சுப் பொக்கெட்டுக்குப் போனது. தையலில் விரல் முட்டியதும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான், பிறகு குதித்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போய் அங்கே ஒரு பீடி குடித்துவிட்டு வந்தான். நான் ஏசவில்லை. ஆனால் திரும்பி வரும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்து வள்ளத்தை மூதூர் இறங்குதுறைப் பாலத்தில் மோத இருந்தேன் மகன். அவன்தான் வாப்பா என்று கத்திச் சுக்கானைப் பிடித்தான். நித்திரையிலும் அந்தக் குச்சிதான் வருகிறது. ஆசையை அடக்க வழி எழுதினீர்கள், பயத்தை அடக்கவும் அங்கே ஏதாவது படிப்பிக்கிறார்களா?

உம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது, பதிலைத் தபால்கந்தோரில் நானே வந்து எடுப்பேன், சுணக்காமல் எழுதுங்கள். தொழுகையை விடாதீர்கள். அல்லாஹ் உங்களைக் கண்ணை இமை காப்பதுபோலக் காக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் வாப்பா,
கலீலுர் றஹ்மான்