மத்தியானத்துக்குப் பிறகு எடுக்கச் சொல்லு

அக்கா,

இன்று மழை. ஈரக் காற்று அடிக்கிற நாட்களில் கடைத் தொலைபேசியின் கைப்பிடியில் இன்னும் உங்கள் யூக்கலிப்டஸ் தைலம் மணக்கிறது. தலையிடிக்கு நெற்றியில் தடவிய கையாலேயே போனை எடுப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. நானும் எத்தனையோ தரம் துடைத்துப் பார்த்துவிட்டேன். மணமும் போகவில்லை, நானும் இந்தக் கடையை விட்டுப் போகவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

வேலை தேடுகிறேன், அக்கா. மானிப்பாயில் இந்த டைல்ஸ் கடையில் ஒன்பது வருடம் பில் போட்டாயிற்று, அதில் முக்கால்வாசியும் உங்களுக்குப் பக்கத்து மேசையில். ஞாயிறும் கடை, காய்ச்சல் வந்தாலும் கடை. போதும் என்று முடிவெடுத்து நேர்முகத்துக்குப் போனால், எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே கேள்விதான். இப்போது வேலை செய்கிற இடத்தில் உங்களைப் பற்றி விசாரிக்கலாமா? என்னை விட மனமில்லாத மனிதரிடமே போய், என்னை அனுப்பிவிட ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க வேண்டுமாம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் ஒருநாளும் எங்கள் முதலாளியிடம் வேலை செய்திருக்க மாட்டார்.

ஆனாலும் முறையாகவே நடந்தேன். முதலாளியிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னார். "நீ என்ரை பிள்ளை மாதிரி. ஆரும் எடுத்தா நல்லாய்த்தானே சொல்லுவன்" என்றார். நம்பி, யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பகுதிக்கு அவருடைய கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். வேலை ஏறக்குறைய சரி என்றிருந்தவர்கள் அதற்குப் பிறகு மூச்சுக் காட்டவில்லை. நானே எடுத்துக் கேட்டபோது, அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உங்களைப் பற்றி நல்லாய்த்தான் சொன்னவர். ஆனா உங்கடை கனடா அலுவல் முடியிற கட்டத்திலை எண்டாராமே? எங்களுக்கு நிண்டு செய்யிற ஆள் வேணும்."

என் தங்கை கனடாவில் இருக்கிறாள் என்பது உண்மை. அதற்கு மேல் ஒரு அலுவலும் இல்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை! முதலாளியிடம் போய்க் கேட்டால், கல்குலேட்டரைத் தட்டியபடி, "உதிலை என்ன பிழை? இண்டைக்கோ நாளைக்கோ தங்கச்சி கூப்பிடத்தானே போறா" என்கிறார். அடுத்து விசாரித்த இடத்துக்கும் அதே கனடாக் கதைதான். இந்த ஊரில் ஒருவரைப் பற்றிக் கெட்டது சொன்னால் பாதிதான் நம்புவார்கள். வெளிநாட்டுக்குப் போகப்போகிறார் என்றால் மறுபேச்சில்லாமல் நம்புவார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் இருக்கும்வரை அவரை இந்த விளையாட்டு விளையாட விட்டீர்களா? மத்தியானம் அவர் சோற்றுக்குக் கொக்குவில் வீட்டுக்குப் போய், ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுப் பின்னேரம்தான் திரும்புவார். வேலை மாற நினைக்கிற எவரையும் நீங்கள் ஸ்டோர்ஸ் பக்கம் கூப்பிட்டு, "கடை நம்பரைக் குடு. மத்தியானத்துக்குப் பிறகு எடுக்கச் சொல்லு" என்பீர்கள். மணி அடிக்கும். வாயிலிருக்கும் சோற்றை விழுங்கிவிட்டு முதுகை நிமிர்த்துவீர்கள். "ஓம், நான்தான் இங்கை எல்லாம் பாக்கிறது. தங்கமான பிள்ளை. யோசிக்காமல் எடுங்கோ." லொறி ஓட்டின அண்ணை பெரிய கொம்பனிக்குப் போனதும், ஸ்டோர்ஸ் பார்த்த பிள்ளை வங்கிக்குப் போனதும் உங்கள் சோற்றுக்கையால்தான். "எல்லாரும் எப்பிடித்தான் போய்த் துலையிறாங்களோ" என்று முதலாளி புலம்பும்போது, நீங்கள் பில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

நீங்கள் ஏன் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் இங்கே வந்த புதிதில், அச்சுவேலியில் உங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை கிடைக்க இருந்ததாம். விசாரித்தவர்களிடம் முதலாளி, "பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்திட்டுது, இனி வேலைக்கு வராது" என்று சொல்லிவிட்டாராம். "வராத கலியாணத்தாலை வந்த வேலையும் போச்சு" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஏன் முயலவில்லை என்றேன்.

"எனக்கு ஆர் பிள்ளை போன் எடுக்கிறது?"

அதையும் பகிடியாகத்தான் சொன்னீர்கள். நோய் வந்து படுக்கும்வரை இரண்டு பஸ் மாறி அதே மேசைக்கும் கதிரைக்கும் வந்துகொண்டிருந்தீர்கள்.

மூன்றாவதாக நேர்முகத்துக்குப் போன இடத்தில் நான் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுக்கவில்லை. கடை எண்ணைக் கொடுத்து, மத்தியானத்துக்குப் பிறகு எடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, உங்கள் கதிரையில் இப்போது இருப்பதே நான்தானே. இன்று சாப்பாட்டு நேரம், மழை இரைச்சலுக்குள் மணி அடித்தது. சோற்றுக்கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்தேன்.

"உங்கை சுகந்தி எண்டு ஒராள் வேலை செய்யிறாவல்லோ. ஆள் எப்பிடி?"

தைல மணம் மூக்கில் ஏறியது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஓம், நான்தான் இங்கை எல்லாம் பாக்கிறது. தங்கமான பிள்ளை. யோசிக்காமல் எடுங்கோ."

"வெளிநாட்டு அலுவல் ஒண்டும் இல்லையோ?"

"அவவிட்டைப் பாஸ்போர்ட்டே இல்லை!" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "சரி, நீங்கள் ஆர் கதைக்கிறது?"

என் வாயில் உங்கள் பெயர்தான் வந்தது.

வேலை கிடைக்குமோ தெரியாது. போனை வைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முதலாளி மேல் இருந்த கோபம்கூட அந்த நேரம் எங்கோ போய்விட்டது. உங்கள் மேல்தான் கோபம், அக்கா. சோறு ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை இது. இத்தனை பேருக்காக எடுத்த அதே போனை உங்களுக்காகவும் ஒருநாள் எடுத்திருக்கலாமே.