மருந்துக்கடைக்கு வெளியே நின்ற வசந்திக்கு

என் செல்ல நாத்தனாருக்கு,

இப்படி எழுதினால் நீ சிரிப்பாய். "என்ன அண்ணி, திடீர்னு பாசம் பொங்குது?" என்பாய். சிரித்துக்கொள். நீ போய் ஆறு மாதமாகிறது. இப்போது ஆவணி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கால் கொப்புளத்துக்குக் களிம்பு வாங்க நம் கடையில் நிற்கிறார்கள். வருஷா வருஷம் வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த அக்கா எங்கே?" என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு பேருக்கு உண்மையைச் சொன்னேன். மூன்றாமவரிடம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் அண்ணன் மருந்துக்கடை வைக்க நினைத்தபோது வீட்டில் யாருக்கும் அதற்கான படிப்பு இல்லை. பி.ஃபார்ம் படித்த பெண்ணாகத் தேடினார்கள், நான் கிடைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைவிடப் பட்டம் பெரிய எழுத்தில் இருந்தது. என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தோடு கடைச் சுவரில் ஏறியது, நான் அடுப்படிக்குப் போனேன். பத்தாவதோடு நின்ற நீ கடையில் உட்கார்ந்தாய். பதினான்கு வருஷம்.

மருந்து ஆய்வாளர் பக்கத்துத் தெருவுக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் போன் செய்வாய். "அண்ணி, ஓடி வாங்க." நான் ஈரக்கையோடு வந்து உன் நாற்காலியில் உட்காருவேன். நீ வெளியே போய் வாடிக்கையாளர் மாதிரி நிற்பாய். ஒரு தடவை, "ஏம்மா, காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை குடு" என்று என்னிடமே கேட்டு, மிச்சச் சில்லறையும் வாங்கிக்கொண்டாய். அவர் போனதும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருமுறை உன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் ஒரு பெரிய மருந்துக்கடைக்கு வேலை கேட்டுப் போனாய். கிறுக்கல் சீட்டு ஐந்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்களாம், படித்தாயாம். எந்த மருந்து எதற்கு என்றார்களாம், சொன்னாயாம். கடைசியில் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "கேள்வியெல்லாம் பாஸ் அண்ணி. சர்ட்டிஃபிகேட்லதான் ஃபெயில்."

அவர்கள் கேட்டது தப்பா? இப்போதெல்லாம் துணிக்கடையில் புடவை மடித்து வைக்கவும் டிகிரி கேட்கிறார்கள், அது வேறு கூத்து. ஆனால் மருந்து? ஒரு மத்தியானம் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மாவுக்கு, மூட்டு வலி என்றதும் நீ வலி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தாய். "ரெண்டும் சேர்ந்தா உள்ள ரத்தம் கசியும்டி" என்றேன். செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கிளம்பிய பஸ்ஸை நிறுத்தி, மாத்திரையைத் திருப்பி வாங்கி வந்தாய். மூச்சு வாங்க நின்று கேட்டாய்: "அண்ணி, நான் பன்னெண்டாவது எழுதிட்டு ஃபார்மசி டிப்ளமா சேர்றேன். சொல்லிக் குடுப்பீங்களா?"

பார்க்கலாம் என்றேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றேன். அடுத்த வருஷம் என்றேன். மூன்று தடவை கேட்டாய், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாய்.

காரணம் சொல்கிறேன், வசந்தி. எனக்குப் பயம். இந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதையெல்லாம் சுவரில் தொங்கிய அந்தக் காகிதத்துக்குத்தான். உனக்கும் ஒன்று வந்துவிட்டால் நான் யார்? வேலை முழுக்க உன்னுடையது, பெயர் மட்டும்தான் என்னுடையது. அந்தப் பெயரையும் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்து இதை ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன்.

மாசியில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள், நீ எழுந்திருக்கவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கடைக்கு வந்தேன். பெரிய பட்டதாரி! நம் டாக்டர் எழுதிய சீட்டைப் படிக்கத் தெரியாமல் அவருக்கே போன் செய்தேன்.

ஆடியில் ஒருவர் வந்து வாந்திக்கு மாத்திரை கேட்டார். எடுத்து நீட்டப்போனேன். குறுவை நேரத்தில் இப்படி யார் வந்தாலும் நீ முதலில் கேட்கும் கேள்வி ஞாபகம் வந்தது. "வயல்ல மருந்தடிச்சீங்களா?" என்று கேட்டேன். "காலையிலேருந்து அடிச்சேம்மா. தலை சுத்துது, எச்சியா ஊறுது" என்றார். மாத்திரையை உள்ளே வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துவிட்டார். பூச்சிமருந்து விஷத்தைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அவரைக் காப்பாற்றியது உன் கேள்வி.

மருந்துக்குப் படிப்பு வேண்டும். பஸ்ஸை நிறுத்திய அன்றே உனக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் படிப்பு வேண்டும் என்கிறவர்கள் படிக்க வழியும் விட வேண்டாமா? உனக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றது சர்க்கார் இல்லை, நான்.

போன மாதம் உன் அண்ணன், சபீனா என்ற பெண்ணை வேலைக்குச் சேர்த்தார். பத்தாவது படித்தவள், புருஷன் துபாயில், வேறொரு மருந்துக்கடையில் ஆறு வருஷம் இருந்திருக்கிறாள். "வேலை தெரிஞ்ச பொண்ணு. இனி நீ வீட்டைப் பாரு. சர்ட்டிஃபிகேட்தான் செவுத்துல இருக்கே" என்றார். "அது இருக்கற இடத்துலதான் நானும் இருப்பேன்" என்றேன். உன் அண்ணன் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் ஆய்வாளர் வந்தார். நான் நாற்காலியில்தான் இருந்தேன். சபீனா சட்டென்று எழுந்து வெளியே போய், பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர் போல நின்றாள். யாரும் சொல்லவில்லை, பழைய கடைப் பழக்கம். நீ நிற்பாயே, அதே இடம்.

"உள்ள வாம்மா" என்றேன். தயங்கினாள். "வா. நீ இங்க வேலை பாக்கற பொண்ணுதானே?" என்று கூப்பிட்டு, ஆய்வாளரிடம் சொன்னேன்: "சார், மருந்து குடுக்கறது நான். இவ எனக்கு உதவிக்கு இருக்கா. பன்னெண்டாவது எழுதப்போறா, அடுத்து டிப்ளமா." அது அவளுக்கே அப்போதுதான் தெரியும்! அவர் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டைக் கேட்டார். அவ்வளவுதான், வசந்தி. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவை உன்னை நான் இப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் எனக்கு டாக்டர் கையெழுத்தைப் படிக்கக் கற்றுத்தருகிறாள். அவள் சான்றிதழ் என்னுடையதற்குப் பக்கத்தில் ஏறும்வரை விடமாட்டேன். நான் இருக்கும்வரை, நம் கடையில் வேலை செய்கிற யாரும் வெளியே போய் நிற்க மாட்டார்கள். இது சத்தியம்.

உன்னை உள்ளே கூப்பிடாமல் இருந்துவிட்ட,
உன் அண்ணி