ராஜாவுக்குப் போட்ட மொட்டை

மே 18, ஞாயிறு

அறிவு கெட்டவள் நான். ராஜா பனிநாட்டு நாய். எர்ணாவூர் வெயிலில் அத்தனை முடியோடு அவன் இரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நேற்று மொட்டை அடிக்கச் சொன்னேன். பிள்ளைக்குப் பூசுவதுபோல் உடம்பெல்லாம் சந்தனமும் பூசினேன். இன்று மொட்டைமாடியில் படுத்தவனுக்கு முதுகு வெந்து கொப்பளித்துவிட்டது. எழவே முடியாமல் கிடந்தவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நாய் டாக்டர் திட்டினார். “குளிருக்கு மட்டுமாம்மா முடி? வெயிலையும் அதுதான் தடுத்துச்சு. திரும்ப வளர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் தாங்குறது கஷ்டம்.”

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், மழித்த முடி இருந்த பையை நீட்டினார். “இத்த இன்னாமே பண்றது?”

ஒரு கை அள்ளி ராஜாவின் முதுகில் பரப்பிப் பார்த்தேன். ஃபேன் காற்றில் எல்லாம் பறந்துவிட்டது.