முடி மட்டும் போதும்

மார்ச் 3, செவ்வாய்
கடையில் நல்ல கூட்டம். இரண்டாவது நாற்காலியில் மச்சான் வழக்கம்போல கத்தரியை விட வாயைத்தான் அதிகம் ஓட்டினான். தொலைக்காட்சியில் அந்த நர்ஸ் கொலை வழக்கு. இன்று விசாரணை தொடங்கிவிட்டது. அவள் கழுத்தை அறுத்ததாகக் கூண்டில் நிற்கும் லாரி டிரைவர் எங்கள் இனத்தான். அவன் பெயரைச் சொல்லத் திணறிய செய்தி வாசிப்பவர், ‘அந்தச் சமூகத்தைச் சேர்ந்த’ என்பதை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.

மார்ச் 6, வெள்ளி
வங்கி மேனேஜருக்கு முடி வெட்டினேன். முகத்தில் நான்கு நாள் தாடி. நுரையைக் குழைத்துக்கொண்டு வந்தால், “இன்னைக்கு முடி மட்டும் போதும்பா” என்கிறார். அவசரமாக இருக்கும்.

மார்ச் 11, புதன்
அவசரம் இல்லை. இந்த வாரம் ஆறு பேர், தாடியோடு வந்து தாடியோடு போனார்கள். “எல்லாரும் சாமியாராப் போறாங்களா மாமா?” என்றான் மச்சான். சிரித்துவைத்தேன். பதினெட்டு வருஷமாக என் கத்திக்குக் கீழே குறட்டை விட்டுத் தூங்கினவர்கள். நான் என்ன செய்தேன்?

மார்ச் 17, செவ்வாய்
தொலைக்காட்சியை அணைத்துவைத்தேன். தபால்காரர் உட்கார்ந்ததுமே, “ஏன் அணைச்சிட்டீங்க? அவன் உங்களுக்குச் சொந்தமா?” என்றார். மறுபடியும் போட்டேன். பிறகு அவர் செய்தியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, செவ்வாய்
நாளை தீர்ப்பு. “கடையைத் தொறக்காதீங்க. கல்லு கில்லு விழுந்தா என்ன பண்றது?” என்றாள் மனைவி. சரி என்றேன்.

மார்ச் 25, புதன்
விடுதலை. கொலை நடந்த நேரத்தில் அவன் வேறு ஊரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது கேமராவில் பதிவாகியிருக்கிறதாம். அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும்.

மார்ச் 26, வியாழன்
ஷட்டரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள்: ‘கொலைகாரனுக்காகக் கடையை மூடிக் கொண்டாட்டமா?’
பயந்துதானேடா மூடினேன். பாவி, யார்கிட்ட போய்ச் சொல்றது இதை?
தபால்காரர் வாசலோடு நின்று கடிதத்தை நீட்டினார். “தப்பிச்சிட்டான் பாத்தீங்களா. வக்கீல் கெட்டிக்காரன்.”

ஏப்ரல் 2, வியாழன்
ஊருக்குப் போயிருந்த கணக்கு வாத்தியார் ஒரு மாதம் கழித்து வந்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “வழக்கம்போல ஷேவிங் பண்ணிவிடுப்பா” என்றார்.

நுரை தடவினேன். கத்தியில் புது பிளேடு மாட்டினேன். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரைத் தாழ்த்திவிட்டார்கள். வாத்தியார் எச்சில் விழுங்கினார். கழுத்து ஏறி இறங்கியது. ஒரு கீறல் விழுந்தால்? ஒரே ஒரு சொட்டு? தெரு என்ன பேசும்? கத்தியைக் கீழே வைத்தேன்.

துண்டால் நுரையைத் துடைத்தேன். “சார், இப்ப இங்க ஷேவிங் பண்றதில்ல. முடி மட்டும்தான்.”

கண்ணைத் திறந்தார். பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “என்னையும் அவங்களோட சேத்துட்டியா?” என்றார்.

கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து, மடித்து வைத்துவிட்டுப் போனார்.