உங்களுக்காக மத்தியூ மூழ்கினான்

பாரிஸுக்குப் பக்கத்துத் திரான்சி மாநகரின் முடிசூடா மன்னரும், லா சப்பல் தமிழ்க் கடைகளில் கத்தரிக்காயை முகர்ந்தே அது ஏறி வந்த விமானத்தைச் சொல்லும் பேரறிஞருமான என் ஆசை அண்ணைக்கு,

இருந்துகொண்டு வாசியுங்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் நடந்துவிட்டது.

கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் வாணி மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து மத்தியூவைக் கட்டியபோது நீங்கள் உயிரோடுதான் இருந்தீர்கள். கடைசிவரை அந்தப் பொடியனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போன மாதம் வாணி என்னை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டாள். எனக்குத் தேத்தண்ணி, அவளுக்கு வெறும் சுடுதண்ணி. அவர்கள் மதத்தில் தேத்தண்ணி கூடாதாம். எங்கள் பரம்பரையில் ஒருத்தி தேத்தண்ணியை மறுத்த அந்தக் கணம் பாரிஸ் நகரத்து ரயில்கள் எல்லாம் நின்றுபோயின. நான் கண்ணால் கண்டேன்.

"சித்தப்பா, அப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கவேணும்."

"கொப்பர் செத்து ரெண்டு வருசம், பிள்ளை."

"செத்த ஆக்களுக்கும் குடுக்கலாம். உயிரோடை இருக்கிற ஒராள் அவற்றை பேரிலை தண்ணிக்குள்ளை தாழுவார். அப்பத்தான் அங்கையும் நாங்கள் ஒரு குடும்பமா இருக்கலாம். என்னோடை கோவிச்சுக்கொண்டே போயிட்டார், சித்தப்பா. நீங்கள் ஓம் எண்டால்தான் செய்வன்."

"நீயே தாழப்போறாய்?"

"இல்லை. ஆம்பிளைக்கு ஆம்பிளைதான் தாழவேணும். மத்தியூ."

தேத்தண்ணி எனக்கு மூக்கால் வந்தது.

"கொப்பர் வேண்டாமெண்டால்?"

"வேண்டாமெண்டு சொல்லலாம். ஏற்கிறதும் விடுறதும் அவற்றை விருப்பம்."

அண்ணை, நீங்களே சொல்லுங்கள். உங்களிடம் விருப்பம் கேட்டவர் யார்? ஊரை விட்டு ஓடியபோது கேட்டார்களா? விசா அட்டைக்காக ப்ரெஃபெக்சர் கந்தோர் வரிசையில் நின்றபோது கேட்டார்களா? செத்தவனைத் தேடிப் போய், "ஐயா, சம்மதமோ?" என்று கேட்கிற மதத்தை நான் எங்கே கண்டேன்! ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஞானஸ்நானம் நடந்த அன்று அவர்கள் ஆலயத்துக்குள் என்னை விடவில்லை. சபை ஆட்களுக்கு மட்டும்தானாம். வெளியே தோட்டத்தில் இமயமலைச் சாமியார்போல இருந்தேன். மத்தியூ ஈரத் தலையோடு வந்தான். பின்னால் வாணி, அழுத முகத்தோடு சிரித்தபடி.

"ரெண்டுதரம் தாழ்ந்தவர், சித்தப்பா. முதல்தரம் கால்விரல் வெளியிலை தெரிஞ்சிட்டுது. முழு உடம்பும் தாழவேணும்."

"அது கொப்பர் இழுத்துப் பிடிச்சது!" என்றேன். மத்தியூ விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகுதான் வாணி சொன்னாள். ஒவ்வொரு தரமும் மூழ்க முன்னர் உங்கள் பெயரை உரக்கச் சொல்ல வேண்டுமாம். மூழ்க வைக்கும் மனிதருக்கு அந்த நீளப் பெயரை மத்தியூ ஒரு கிழமையாகச் சொல்லிப் பழக்கியிருக்கிறான். முப்பது வருடமாக இந்த நாட்டில் ஒரு அதிகாரிகூடப் பிசகாமல் சொல்லாத பெயர், அண்ணை. அந்தத் தண்ணீருக்கு மேல் இரண்டு தரம் முழுதாக ஒலித்திருக்கிறது. நான் வானத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? ஓமா, இல்லையா? எனக்குத் தெரியாது. வாணியும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற திவசத்தில் உங்கள் படத்துக்கு நேரே, உங்கள் கதிரையில் மத்தியூவை இருத்தி, என் கையால் பரிமாறுவேன். அவனை எழுப்ப வேண்டுமென்றால் நீங்களே வந்து எழுப்புங்கள்.

உங்கள் தம்பி,
மத்தியூவின் சின்ன மாமா