மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி

சட்டைப் பையில் ஏலக்காய் மணக்கிறது. இன்று காலை வண்டன்மேட்டில், அந்தக் கம்பெனியின் கொள்முதல் கிடங்கில் தரையிலிருந்து பொறுக்கிய காய்கள். உன் மனைவி கொண்டுவந்த மூட்டையிலிருந்து சிந்தியவை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாம் இருவரும் கம்பெனிப் பங்கு வாங்கக் கிளம்பியது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வேறு எந்தத் தொழில் தெரியும்? ஏலக்காய் வாங்கி விற்கிற கம்பெனியையே பிடித்தோம். மழை, விலை, வெளிநாட்டுத் தேவை எல்லாம் அலசி, தொழிலுக்கு எதிர்காலம் உண்டு என்று நான் சொன்னேன். நடத்துகிற ஆளைப் பார்ப்பது உன் வேலை. ஆண்டறிக்கையில் முதலாளி நேர்மையைப் பற்றி எழுதியிருந்ததை உனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நீ சிரித்தாய்.

"இது மூட்டைக்கு மேல பரப்பி வச்ச நல்ல காய் மாதிரிதான்ல. அடியில கைய விட்டுப் பாப்போம், வா."

காய் வாங்கும்போது நாம் செய்வதும் அதுதானே. ஒரு பகல் முழுக்கக் கிடங்கு வாசலில் நின்றோம். முதலாளி வந்திருந்தார். நமக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார், குடும்பத்தை எல்லாம் விசாரித்தார். விசாரித்துக்கொண்டே, சின்னத் தோட்டக்காரர்களின் மூட்டையில் சாம்பிள் என்று கை நிறைய அள்ளி, எடை போடும் முன்பே, காசு தராமல், கம்பெனிப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறும் முன்பே நீ சொல்லிவிட்டாய். "தொழிலு நல்ல தொழிலுதான்ல. ஆளு சரியில்ல. இல்லாதவன் மூட்டையில கை வைக்கிறவன் நமக்கு என்ன நல்லது செய்யப்போறான்? வேண்டாம்."

வேண்டாம் என்று நானும் தலையாட்டினேன். அடுத்த வாரமே உனக்குத் தெரியாமல் வாங்கினேன். விலை ஏறியது. அதுதான் கொடுமை. இறங்கியிருந்தால் உன்னிடமே வந்து அழுதிருப்பேன். உன் கடைசி நாளில், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, நாம அதுல சேரலல்ல?" என்று நீ கேட்டபோதும் "ஆமாப்பா" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

இன்று அதே பெட்டிக்குள் உன் வீட்டுக் காய் விழுந்தது. உன் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்களும் அவரும்தான இந்தக் கம்பெனியே வேண்டாம்னு வந்தவுக. ஒரு வார்த்த கேளுங்கண்ணே."

எந்த வாயால் கேட்பேன்? வருஷாவருஷம் என் கணக்குக்கு வருகிற லாபம் அந்தப் பெட்டியிலிருந்துதானே வருகிறது. குனிந்து, கீழே சிந்தியதை மட்டும் பொறுக்கினேன். நிமிர்ந்து அதை அவள் கையில் கொடுக்கவும் கூச்சமாக இருந்தது. அவளே சமாதானம் சொன்னாள். "விடுங்கண்ணே, உங்க மனசு எனக்குத் தெரியும்."

பங்கை விற்றுவிடுவேன், அது பெரிய காரியமில்லை. நாளைக் காலையில் இந்தக் காயோடு உன் வீட்டுக்குப் போய், அவளுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். நீ இருக்கும்போதே சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். அவள் திட்டக்கூட மாட்டாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.