சபையில் சொன்ன சாட்சி

செவ்வாய், இரவு

எடை குறைய ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சுருக்கி ஆறு வருடமாகிறது. குறைந்த எடையில் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இரண்டாவது ஆபரேஷன் செய்யலாம், ஆனால் ஆபத்து கூடுதல், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

அதே யோசனையோடு தாராவிக்குத் திரும்பினேன். சந்திலேயே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, ஒங்க சாட்சியக் கேட்டுத்தான் வாரத்துல மூணு நாள் உபவாசம் இருக்கேன். அப்ப ஒங்களுக்குக் கொறஞ்சுதே, எனக்கு மட்டும் ஏன் கொறைய மாட்டேங்கு?"

மெலிந்த புதிதில், சபை ஆராதனையில் எழுந்து நின்று, உபவாச ஜெபத்தால் மெலிந்தேன் என்று சாட்சி சொன்னேன். ஆபரேஷனைச் சொல்ல வெட்கம். இன்றும், "விசுவாசமா இரு" என்று சொல்லிவிட்டு நழுவினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

மறுபடி ஆபரேஷனுக்குப் படுப்பேனா, தெரியவில்லை. பொய்யோடு படுக்க மாட்டேன். நாளைக் காலை ஸ்டெல்லாவுக்கு இட்லி கொண்டுபோக வேண்டும். அவள் சாப்பிட்டு முடித்ததும் வயிற்றுத் தழும்புகளைக் காட்ட வேண்டும்.